அணுப்பிணைவு உலையும் அதன் சுவரும்

அணுப்பிணைவு ஆய்வு பற்றி நம் நாளிதழ்களில் வரும் செய்திகளில் சாதனைகளே தலைப்பாகின்றன. எத்தனை கோடி டிகிரி வெப்பம், எத்தனை நொடிகள் என்பதோடு செய்தி முடிந்துவிடுகிறது. அவ்வெப்பத்தைச் சூழ்ந்து நிற்கும் சுவரின் கதி என்ன என்று எவரும் கேட்பதில்லை. இத்தொழில்நுட்பம் என்றேனும் மின்நிலையமாகுமா என்பதை அக்கேள்வியே தீர்மானிக்கும் என்பது என் எண்ணம்.

பிரான்சின் தெற்கே கதராஷில், இந்தியா உள்ளிட்ட ஏழு தரப்பினர் கட்டிவரும் ஈட்டர் உலையைப் பாருங்கள். அதில் 15 கோடி டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள பிளாஸ்மாவைச் சுவரில் படாமல் காந்தப்புலம் தாங்கி நிற்கும். பிளாஸ்மாவினூடே 1.5 கோடி ஆம்பியர் மின்னோட்டம் பாயும். இச்சமநிலை திடீரெனக் குலைந்தால், சுமார் 350 மெகாஜூல் வெப்ப ஆற்றல் சில மில்லிநொடிகளில் சுவரின்மீது கொட்டும். ஆயிரம் லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான ஆற்றல் அது. அடுத்து மின்னோட்டம் சரிகையில், ஒளியின் வேகத்தை நெருங்கும் எலக்ட்ரான் கற்றை உருவாகிச் சுவரின் ஓரிடத்தை உருக்கிவிடக்கூடும்.

இதனால் ஊருக்கு ஆபத்தில்லை. வெடிப்பு நிகழாது, பிளாஸ்மா தானே அணைந்துவிடும். ஊறு முழுவதும் உலைக்குத்தான். ஆனால் நியூட்ரான்களால் கதிரியக்கமேறிய அறைக்குள் மனிதர் நுழைய இயலாது. பழுதுபார்ப்பைத் தொலைவிலிருந்து இயக்கும் எந்திரக் கரங்களே செய்தாக வேண்டும்.

2023இல் ஈட்டர் அமைப்பு சுவரின் உட்பரப்புக்குப் பெரிலியத்தைக் கைவிட்டு டங்ஸ்டனைத் தேர்ந்தது. 3,400 டிகிரி வரை உருகாத உலோகம் அது. அதுவும் போதாது என்பதால் வேறொரு காப்பும் வேண்டியிருக்கிறது. குலைவு நெருங்குகிறது என்று கருவிகள் உணர்த்தியதும், உறைந்த ஹைட்ரஜனும் நியானும் கலந்த கட்டிகளைச் சுட்டு, வாயிலிலேயே நொறுக்கிப் பிளாஸ்மாவுக்குள் தூவுவார்கள். நியான் அவ்வெப்பத்தை ஒளியாக மாற்றிச் சுவர் முழுவதும் பரப்பும். ஹைட்ரஜன் பிளாஸ்மாவின் அடர்த்தியைக் கூட்டி எலக்ட்ரான் கற்றையைத் தடுக்கும்.

குலைவே அரிதான வேறு வடிவத்துக்கு மாறலாமே என்பார் உண்டு. ஜெர்மனியின் வெண்டல்ஸ்டைன் 7-எக்ஸ் அத்தகையது. ஆனால் அதன் முறுக்கிய காந்தச் சுருள்களைச் செய்து முடிப்பதே பெரும்பாடு.

இங்கிலாந்தின் ஜெட் உலை 2023இல் 69 மெகாஜூல் ஆற்றலை ஈந்தது உலகெங்கும் செய்தியாயிற்று. அதே ஆண்டு டிசம்பரில், மூடப்படும் தறுவாயில், அதன் அறிவியலாளர்கள் எலக்ட்ரான் கற்றையை வேண்டுமென்றே உட்சுவரின்மீது பாய்ச்சிச் சேதத்தை ஆராய வழிசெய்தனர். இது பரவலாகப் பேசப்படவில்லை. என் பார்வையில், வருங்கால உலைகளுக்கு அச்சாதனையைவிட இந்தச் சேதமே பெரிய கொடை.