எந்த கம்பெனி கார் ரொம்ப நாள் உழைக்கும்?

சங்கரன்கோவிலில் டீக்கடை பெஞ்சில் ஆரம்பித்து கல்யாண வீட்டுப் பந்தி வரைக்கும் கேட்கிற கேள்வி இது. பதிலும் ரெடியாக இருக்கும். ஒருவர் டொயோட்டா என்பார், இன்னொருவர் மாருதி என்பார். இரண்டு பேர் சொல்வதும் சரிதான்! ஏனென்றால் இருவர் போடுவதும் வேறு வேறு கணக்கு.

முதல் கணக்கு, வண்டி எத்தனை தடவை மக்கர் பண்ணுகிறது என்பது. இதில் டொயோட்டாவை அசைப்பது கஷ்டம். அமெரிக்காவில் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை கார் வைத்திருப்பவர்களிடமே கேட்டு வெளியிடும் பட்டியலில் டொயோட்டாவும் லெக்சஸும் பல வருடங்களாக முன்வரிசையில் இருக்கின்றன. நம் பக்கத்திலும் 2000ல் வந்த குவாலிஸையும் 2005ல் வந்த இன்னோவாவையும் டாக்சிக்காரர்கள் தேடித் தேடி வாங்கினார்கள். வண்டி நின்றால் அன்றைய வருமானமும் நின்றுவிடும் அல்லவா?

இரண்டாவது கணக்கு, பழுதானால் எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு செலவில் ஓட வைக்கலாம் என்பது. அம்பாசடரில் சின்னச் சின்ன ரிப்பேருக்குக் குறைவே கிடையாது. ஆனாலும் 2014 வரை தயாரானது. ரோட்டோர மெக்கானிக்கே பிரித்துச் சேர்த்துவிடுவார் என்பது அதன் பெரிய பலம். 1983 டிசம்பரில் வந்து 2014 ஜனவரியில் நின்ற மாருதி 800ம் அப்படித்தான். அதே 796 சிசி அளவு எஞ்சின் ஆம்னியிலும் ஆல்ட்டோவிலும் ஓடியது. அதனால் வேலை தெரிந்த ஆளும் ஊருக்கு ஊர் இருந்தார்.

மூன்றாவது கணக்கைப் பலர் போடுவதே இல்லை. கம்பெனி நிலைக்குமா? செவ்ரோலே 2017 முடிவில் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. மறைமலை நகரில் கார் தயாரித்த ஃபோர்டு 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. சர்வீஸும் ஸ்பேரும் தொடரும் என்றார்கள், உண்மைதான். ஆனால் விற்கப் போகும்போது "கம்பெனியே போயிடுச்சே" என்று பேரம் ஆரம்பித்துவிடும். எஞ்சின் நன்றாக இருந்தும் விலை இறங்கும்!

வருமான வரிக் கணக்கில், வாடகைக்கு ஓடாத காருக்குப் பொதுவாக வருடத்துக்கு 15 சதவீதம் தேய்மானம். 5 லட்ச ரூபாய் கார் 10 வருடத்தில் ஏட்டில் 98 ஆயிரத்துச் சொச்சம் ஆகிவிடும். ஏடு பிராண்ட் பார்ப்பதில்லை. சந்தை பார்க்கிறது.

விசைத்தறியும் விவசாயமும் நம்பியிருக்கிற ஊரில் கார் பெரும்பாலும் கடனில்தான் வருகிறது. வாரண்டி இரண்டு மூன்று வருடத்தில் முடிந்துவிடும். தவணை ஐந்து, ஏழு வருடம் போகும். நடுவில் உள்ள வருடங்களில்தான் ரிப்பேர் செலவு குடும்பத்தைக் கடிக்கும்.

ஆகவே தினமும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வாடகைக்கு ஓட்டுபவர் முதல் கணக்கைப் பார்க்கட்டும், டொயோட்டாவுக்குக் கூடுதல் விலை கொடுப்பது நியாயம். கடைக்கும் கோயிலுக்கும் போய்வரும் குடும்பத்துக்கு மற்ற இரண்டு கணக்கும்தான் முக்கியம். அவர்கள் ஷோரூமுக்குப் போகும் முன் உள்ளூர் மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது: "அண்ணாச்சி, இந்த வண்டிக்கு சாமான் எங்க கிடைக்கும்?" "திருநெல்வேலிக்குத்தான் போகணும்" என்று பதில் வந்தால், கொஞ்சம் யோசியுங்கள்...