போன் நம்பர் வந்தாச்சு... பேச இடம்?

ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி, சங்கிலியால் கட்டி வைத்திருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகிப் போனதை மறக்க முடியுமா? 2017-ல் வந்த மனநலச் சட்டம் சங்கிலிக்குத் தடை போட்டது. 2022-ல் 14416 என்ற இலவச டெலிமானஸ் போன் சேவையும் வந்தது. நல்லதுதான். ஆனால், ஒற்றை அறை வீட்டில் ஒரு பெண் எங்கே போய் மனம்விட்டுப் பேசுவாள்? என் நாத்தனார், துணி காயப்போடுகிற சாக்கில் மொட்டை மாடிக்குப் போய்த்தான் பேசினாள்.

மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யவே சில வாரம் ஆகுமாம். அதற்குள், "ஒண்ணும் கேட்கலையே, நிறுத்திடு" என்றோம் (நானும்தான்!). பிறகு டாக்டர் எங்களை உட்கார வைத்து, நடுவில் நிறுத்தினால் என்னாகும் என்று சொன்ன பிறகே புரிந்தது. வீட்டு ஆட்களிடமும் இப்படிப் பேச, அரசு ஆஸ்பத்திரிகளில் கூடுதல் ஆலோசகர்களைப் போடக் கூடாதா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்.