விருப்பமற்றவன் யார்?

தோழனே!

"மலைப்பிள்ளைக்கு ஆங்கிலம் ஏறாது, அவனுக்கு விருப்பமே இல்லை" என்று ஒரு தீர்ப்பு நாட்டிலே உலவுகிறது. மாளிகையிலே உலவினால் வியப்பில்லை. நம்மவர் கூடும் தேநீர்க் கடையிலேயும் அது உலவுகிறதே, அதுதான் நெஞ்சைச் சுடுகிறது! தீர்ப்புரைத்தோர் வழக்கை விசாரித்தாரா? இல்லை. சாட்சியைக் கேட்டாரா? இல்லை. கூண்டிலே நிற்பவனோ பத்து வயதுப் பாலகன். அவனுக்கென்று வாதாட ஆளில்லை. ஆகவே அவன் சார்பிலே நான் பேசுகிறேன். நீதிபதி நீ.

வழக்கு எழுந்த இடம் ஜவ்வாது மலை. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களிலே பரந்து கிடக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலை. சாமை விளையும் மண். தேனும் புளியும் பலாவும் தரும் காடு. அங்கே வாழ்வோரில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தார் என்று மயங்காதே! மலையிலே வாழ்வதால் வந்த பெயர் அது. அவர் பேசுவது தமிழ். "எங்கள் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர்" என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை.

அந்தப் பிள்ளையின் முதல் ஆங்கிலப் பாடம் எது? ஏ ஃபார் ஆப்பிள்! பலாப்பழத்தோடு வளர்ந்தவனுக்கு ஆப்பிள் படம். அவன் அறிந்த பொருள் ஒன்றுகூட முதல் ஏட்டிலே இல்லை. அறியாத பொருளுக்கு, அறியாத மொழியிலே, அறியாத எழுத்திலே பெயர் சொல் என்றால், வாய் மூடி நிற்காமல் வேறென்ன செய்வான்?

நாடகம் எழுதுபவன் நான். ஒரு காட்சி காட்டுகிறேன். கற்பனைக் காட்சிதான், ஆனால் நடவாதது என்று நீ சொல்லமாட்டாய்.

ஆய்வாளர்: கரும்பலகையிலே இருப்பதைப் படி.

சிறுவன்: பட்.

ஆய்வாளர்: அடுத்தது?

சிறுவன்: பட்... இல்லை, புட். ஐயா, நடுவிலே இருப்பது அதே எழுத்துத்தானே! அங்கே ஓர் ஒலி, இங்கே ஓர் ஒலி, ஏன்?

ஆய்வாளர்: ஏனாவது, எதற்காவது! மனப்பாடம் செய்!

மறுநாள் சிறுவன் வரவில்லை. ஏட்டிலே குறிப்பு ஏறுகிறது: "விருப்பமற்றவன்."

தோழனே, அவன் கேட்ட கேள்வி மடமையா? ஒரே எழுத்து இடத்துக்கேற்ப ஒலி மாறினாலும், அதற்கொரு முறை உண்டு தமிழிலே. அந்த ஒழுங்கிலே வளர்ந்த அறிவு, ஒழுங்கில்லாத இடத்திலே திகைக்கிறது. திகைப்பது அறிவின் அடையாளம்! ஆங்கில நாடக மேதை பெர்னார்ட் ஷா, ஆங்கில எழுத்தின் கோணலைக் கண்டு வெகுண்டு, புதியதொரு நெடுங்கணக்கு ஆக்குவதற்கென்றே தம் உயிலிலே பணம் ஒதுக்கிவிட்டு 1950இல் மறைந்தார். ஷா கேட்டால் மேதை. மலைச்சிறுவன் கேட்டால் மந்தனா? இது என்ன நீதி?

வழி இல்லாமலில்லை. பஸ், டிக்கெட், போன், டார்ச், ரேஷன், ஃபாரஸ்டர் — இத்தனையும் அவன் நாவிலே நாள்தோறும் புழங்கும் சொற்கள். அவற்றை முதலில் எழுதிக் காட்டு. "உனக்கு ஆங்கிலம் தெரியும், தம்பி, எழுதத்தான் பழக வேண்டும்" என்று சொல். அச்சம் அகலும். அடுத்து வாக்கியம். "நான் சோறு தின்கிறேன்" என்று தமிழிலே வினை கடைசியிலே வரும்; ஆங்கிலத்திலே அது நடுவிலே வந்து அமர்ந்துகொள்ளும். இந்த ஒரு வேறுபாட்டைத் தாய்மொழியிலே விளக்கினால், அவன் செய்யும் பிழைகளில் பெரும்பகுதிக்குக் காரணம் விளங்கிவிடும். தமிழ் ஆங்கிலத்துக்குத் தடையல்ல, ஏணி! ஏணியைப் பிடுங்கிவிட்டு ஏறவில்லையே என்று ஏசுவோரை என்னென்பது?

"எதற்கையா மலையிலே ஆங்கிலம்? ஆடு மேய்க்கவா?" என்று கேட்பாருண்டு. விடை சொல்கிறேன்.

2015 ஏப்ரல் 7. சேஷாசலக் காட்டிலே ஆந்திரக் காவல்துறையின் துப்பாக்கிக்கு இரையானவர் 20 தமிழர். செம்மரம் வெட்ட வந்தோர் என்றார்கள். ஜவ்வாது மலையிலிருந்து கூலிக்குப் போனவரும் அந்தப் பிணங்களிடையே கிடந்தனர். வேற்று மாநிலத்திலே வழக்கென்று இழுக்கப்படும் ஏழைக்கு, தன்மேல் என்ன குற்றம் எழுதப்பட்டது என்று படிக்கத் தெரிய வேண்டாமா? அரசியல் சட்டத்தின் 348ஆவது பிரிவு, உச்ச நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம் என்கிறது. அவன் உயிரும் உரிமையும் அந்த மொழியிலே எடை போடப்படும்போது, அம்மொழி அவனுக்கு ஆடம்பரமா? அல்ல, அரண்!

அதே மலையின் மற்றொரு செய்தி கேள். புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, மலையாளிப் பழங்குடிப் பெண். 2023 நவம்பரில், பிள்ளை பெற்ற இரண்டாம் நாள், சென்னைக்குப் பயணம் செய்து உரிமையியல் நீதிபதித் தேர்வு எழுதினார். 2024இல் வெற்றிச் செய்தி வந்தது. வயது 23. அந்தத் தேர்வின் முதல் தாள் எது தெரியுமா? மொழிபெயர்ப்பு! ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும், தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும். இரு மொழியும் கைவந்த மலைமகள் நீதி வழங்கும் நாற்காலிக்கே உரியவரானார். ஏறாது என்றவர் முகம் எங்கே?

ஆனால் ஒரு விளக்கைக் காட்டி ஊரெல்லாம் வெளிச்சம் என்று மார்தட்ட வரவில்லை நான். 2011 மக்கள்தொகைக் கணக்கிலே தமிழ்நாட்டில் எழுத்தறிந்தோர் 100க்கு 80 பேர். பழங்குடியினரிலோ 54 பேர். இந்த இடைவெளியைப் பிள்ளையின் விருப்பமின்மையா வெட்டியது? ஒரே ஆசிரியர் பல வகுப்பைப் பார்க்கும் பள்ளியும், பெற்றோர் பிழைப்புக்காக மலையிறங்கும் பருவமும், நிரப்பப்படாத பணியிடமும் வெட்டிய பள்ளம் அது! காவலூரிலே 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986இல் திறக்கப்பட்டது. விண்மீனைக் காண மலையேறத் தெரிந்த ஆட்சிகளுக்கு, பிள்ளையைக் காண மலையேற வழி தெரியாதா?

"அவனுக்கு அப்பன் தொழில் போதும்" என்னும் குரல் புதிதன்று. 1953இல் ராஜாஜி, தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரம் பெற்றோர் தொழிலைப் பழகச் சொன்னார். குலக்கல்வி என்று நாடே கொதித்தது. 1954இல் காமராசர் அதைக் கைவிட்டார். சட்டத்திலே செத்தது, சிலர் சிந்தையிலே சாகவில்லை. "மலைப்பிள்ளைக்கு ஆங்கிலம் எதற்கு" என்பது அந்தப் பேயின் குரலே!

டெல்லியின் போக்கோ இன்னும் வேடிக்கை. இரண்டாம் மொழியே இன்னும் கைக்கு எட்டாத பிள்ளையின் தலையிலே மூன்றாவது மொழியை ஏற்றச் சொல்கிறது 2020ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கை. பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திட மறுத்ததும், 2024-25க்கு வரவேண்டிய பள்ளிக்கல்வி நிதி 2,152 கோடி ரூபாய் நிறுத்தப்பட்டது. ஏணி கேட்டால் சுமை தருகிறார். சுமை வேண்டாம் என்றால் சோற்றை மறுக்கிறார்!

இனி உன்னிடம் வருகிறேன், தோழனே. 1968 சனவரி 23 அன்று, அண்ணா ஆட்சியிலே, தமிழும் ஆங்கிலமுமே போதும் என்று சட்டமன்றம் தீர்மானித்தது. காஞ்சியின் நெசவாளர் குடும்பத்திலே பிறந்த அவர், 1962இல் மாநிலங்களவையிலே நம் உரிமையை ஆங்கிலத்திலேதான் எடுத்துரைத்தார். ஆங்கிலம் நமக்குக் கேடயம் என்றோம். அந்தக் கேடயம் சமவெளிப் பிள்ளைக்கு மட்டுமா? காஞ்சியிலிருந்து வந்தோம் என்னும் மலைப்பிள்ளைக்கு இல்லையா? அவன் கையிலே அது சேராதவரை, நம் இருமொழிக் கொள்கை மேடையிலே வென்றதே தவிர, மலையிலே வெல்லவில்லை.

ஆகவே, கிளைதோறும் கணக்கெடு. எந்தப் பள்ளியிலே ஆசிரியர் இடம் காலி? எந்த உண்டு உறைவிடப் பள்ளியிலே ஆங்கிலம் சொல்லித்தர ஆளில்லை? எழுது, அமைச்சருக்கு அனுப்பு, ஆட்சி யாருடையதாயினும் அனுப்பு. படித்த தோழன் மாலைதோறும் மலைப்பிள்ளைகளோடு அமரட்டும். ஆப்பிளிலே தொடங்காமல் பலாவிலே தொடங்கட்டும். கேள்வி கேட்கும் சிறுவனுக்கு விடை சொல்லட்டும்.

வாதம் முடிந்தது. விருப்பமற்றவன் யார்? கேள்வி கேட்ட சிறுவனா, விடை சொல்ல மறுத்த நாடா? தீர்ப்பை ஏட்டிலே எழுதாதே, தோழனே. மலையேறிப் போய் எழுது!