முதல் வரியிலேயே வழியைச் சொல்லட்டும்

2019 ஆகஸ்ட் 9ஆம் தேதி காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் நீலகிரி மலையிலுள்ள அவலாஞ்சியில் 911 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அதற்கு முந்தைய நாள் கணக்கு 820. இரண்டையும் கூட்டினால் சென்னைக்கு ஓராண்டு முழுக்கப் பெய்யும் சராசரி மழையைத் தாண்டிவிடும். மண்சரிவில் மலைச்சாலைகள் அறுந்தன. 19ஆம் நூற்றாண்டில் நேர்ந்த ஒரு நிலச்சரிவுதான் ஊருக்கு இந்தப் பெயரையே கொடுத்தது என்பதால், வழி அறுவது அங்கே புதிதல்ல.

அப்படிப்பட்ட ஓரிடத்தில் தானியங்கி மழைமானி ஒன்றை வைப்பதாக எண்ணிப் பார்க்கலாம். உள்ளே இருக்கும் சிறு வாளி 0.2 மில்லிமீட்டர் மழைக்கு ஒருமுறை நிரம்பிக் கவிழும். ஒவ்வொரு கவிழ்ப்பும் ஒரு மின்துடிப்பு. 911 மில்லிமீட்டருக்கு 4,555 துடிப்புகள். அவற்றை எண்ண ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி, அதில் ஒரு பைத்தான் நிரல். நள்ளிரவில் மின்சாரம் போய் வருகிறது, கருவி தானாக எழுகிறது, பைத்தான் இன்டர்பிரட்டர் தன் மாட்யூல்களைத் தேடத் தொடங்குகிறது. பக்கத்தில் ஆள் கிடையாது. தேடல் தவறினால் அன்றைய மழைக்குக் கணக்கே இருக்காது.

எழுந்த முதல் கணத்தில் இன்டர்பிரட்டருக்கு ஒரே கேள்விதான்: தான் எங்கே இருக்கிறோம்? இயங்கும் கோப்பின் இருப்பிடத்தை முதலில் கண்டுபிடிக்கிறது. அதே ஃபோல்டரிலோ ஒரு படி மேலேயோ 'பைவென்வ்.சிஎஃப்ஜி' என்ற சிறு கோப்பு இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால், தான் ஒரு மெய்நிகர் சூழலுக்குள், அதாவது 'வென்வ்' உள்ளே இருப்பதாகப் புரிந்துகொண்டு, மூலப் பைத்தான் எங்கே என்பதை அந்தக் கோப்பிலிருந்தே படித்துக்கொள்கிறது. 2012இல் வந்த 3.3 பதிப்பின் ஏற்பாடு இது. பிறகு நிலையான நூலகத்தைத் தேடிப் படிப்படியாக மேலே ஏறுகிறது. அதற்கு அடையாளக் கல் 'ஓஎஸ்.பை' என்ற கோப்பு. அது கிடைத்த இடமே நூலகம். தொகுக்கப்பட்ட சி மாட்யூல்களுக்கு 'லிப்-டைன்லோட்' என்ற ஃபோல்டர் இன்னொரு அடையாளம். 'பைத்தான்ஹோம்' என்ற சூழல்மாறியை யாராவது வைத்திருந்தால் இந்தத் தேடல் நடக்காது. அது சொல்வதை இன்டர்பிரட்டர் அப்படியே நம்பிவிடும். நூலகம் கிடைக்காவிட்டால் வருவது பலரையும் மிரட்டிய அந்தப் பிழை: 'என்கோடிங்ஸ்' என்ற மாட்யூல் இல்லை. எழுத்துகளைப் படிக்கவே அந்த மாட்யூல் தேவை என்பதால், பயனர் நிரலின் முதல் வரிக்குப் போகுமுன்பே எல்லாம் நின்றுவிடும்.

இந்தத் தேடல் நெடுங்காலம் சி மொழியில் இருந்தது. யூனிக்ஸுக்கு ஒரு கோப்பு, விண்டோஸுக்கு வேறொரு கோப்பு. படித்துப் புரிந்துகொண்டவர்கள் குறைவு. 2019இல் வந்த 3.8 பதிப்பில் பைத்தான் மேம்பாட்டாளர் விக்டர் ஸ்டின்னர் எழுதிய பெப் 587 என்ற முன்மொழிவு தொடக்க அமைப்புகளுக்கு ஓர் ஒழுங்கான வடிவம் தந்தது. 2022 அக்டோபரில் வந்த 3.11, பாதை தேடும் பகுதியைப் பைத்தானிலேயே திருப்பி எழுதியது. மாட்யூல்கள் எங்கே என்று தெரியாத நிலையில் ஓட வேண்டிய நிரல் அது. ஆகவே எந்த மாட்யூலையும் அதனால் இறக்குமதி செய்ய முடியாது. அதை முன்கூட்டியே தொகுத்து இன்டர்பிரட்டருக்குள்ளேயே பதித்துவிட்டார்கள். சி தெரியாதவர்களும் இன்று அந்தக் கோப்பைத் திறந்து மேலிருந்து கீழே வாசிக்கலாம். தலைப்பகுதியில் இருக்கும் குறிப்புகளையாவது இந்தத் துறையில் இருப்பவர்கள் ஒருமுறை வாசித்துவிட வேண்டும் என்று இவ்விதழ் உண்மையாகவே விரும்புகிறது.

தேடல் முடிந்ததும் பிறப்பது 'சிஸ்.பாத்' என்ற பட்டியல். வரிசைதான் இதில் உயிர். முதலில் நிரல் இருக்கும் ஃபோல்டர். அடுத்து 'பைத்தான்பாத்' சூழல்மாறியில் எழுதியவை. பிறகு நிலையான நூலகத்தின் ஜிப் கோப்பு (பெரும்பாலும் அப்படியொரு கோப்பே இருக்காது, பெயர் மட்டும் இருக்கும்), நிலையான நூலகம், 'லிப்-டைன்லோட்'. கடைசியாக 'சைட்' என்ற மாட்யூல் வந்து, வெளியிலிருந்து நிறுவிய பொதிகளின் 'சைட்-பேக்கேஜஸ்' ஃபோல்டரைச் சேர்க்கும். டெபியன் லினக்ஸில் அதற்குப் பெயர் 'டிஸ்ட்-பேக்கேஜஸ்'. மேல்பவானியில் தேங்கும் நீர் அவலாஞ்சி மின்நிலையம் வழியாக அவலாஞ்சி அணைக்கும், அங்கிருந்து குந்தா, கெத்தை, பரளி என்று ஒன்றன்பின் ஒன்றாகவும் இறங்குவதுபோல, ஒரு மாட்யூலின் பெயரும் இந்தப் படிகளில் இறங்கும். ஒரு வேறுபாடு உண்டு: நீர் எல்லா நிலையங்களுக்கும் போகும், பெயர் முதலில் கிடைத்த இடத்திலேயே நின்றுவிடும்.

அங்கேதான் கண்ணி. வானிலைத் துறையின் மழைநாள் காலை 8.30க்கு முடிகிறது. அதைக் கணக்கிட ஒரு சிறு கோப்பு எழுதி, இயல்பாக 'காலண்டர்.பை' என்று பெயர் வைத்தால் என்ன ஆகும்? வாரக்கணக்கில் ஒன்றும் ஆகாது. துடிப்பு எண்ணப்படும், கூட்டப்படும், கோப்பில் பதியும். பிறகு ஒருநாள் தரவை இணையத்துக்கு அனுப்பலாம் என்று 'ரிக்வெஸ்ட்ஸ்' பொதியைச் சேர்த்ததும் நிரல் எழவே மறுக்கும். 'ரிக்வெஸ்ட்ஸ்' நிலையான நூலகத்தின் குக்கி மாட்யூலை அழைக்கிறது. அது 'காலண்டர்' மாட்யூலிலிருந்து 'டைம்ஜிஎம்' என்ற செயற்கூற்றைக் கேட்கிறது. பட்டியலின் முதல் ஃபோல்டரில் நிற்பதோ மழைநாள் கோப்பு. டைம்ஜிஎம் அதில் இல்லை. பிழைச்செய்தி குக்கியைப் பற்றியும் நேரத்தைப் பற்றியும் பேசும். மழைமானியைப் பற்றி ஒரு சொல் இருக்காது. 2024இல் வந்த 3.13 பதிப்பு இந்த இடத்தில் கைகொடுக்கிறது: உங்கள் கோப்பின் பெயர் நிலையான நூலக மாட்யூலின் பெயரோடு மோதுகிறது, மாற்றிப் பாருங்கள் என்று அதுவே சொல்கிறது. பழைய பதிப்பில் இருப்பவர்கள் தாங்களே தேட வேண்டியதுதான்.

அதே கோப்புக்கு 'டைம்.பை' என்று பெயர் வைத்தால் நடப்பது இதற்கு நேரெதிர். 'டைம்' இன்டர்பிரட்டருக்குள்ளேயே கட்டப்பட்ட மாட்யூல். உள்ளே இருப்பவற்றைப் பார்த்த பிறகே பாதைப் பட்டியலுக்குப் போகும் வழக்கம் என்பதால், எழுதியவரின் கோப்பு கண்டுகொள்ளப்படாமல் கிடக்கும்.

தமிழில் நிரல் எழுதுபவர்களுக்கு இதைவிட நெருக்கமான உதாரணம் ஒன்று உண்டு. முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' தமிழில் நிரல் எழுதும் மொழி; 2009இல் அதைப் பற்றி ஆய்வுக் கட்டுரையும் வெளியிட்டார். அதன் இன்டர்பிரட்டர் பைத்தானில் எழுதப்பட்டது. ஆகவே எழிலில் எழுதிய ஒரு வரி ஓட வேண்டுமானாலும், அதற்கு முன் பைத்தான் இந்தத் தேடல் முழுவதையும் முடித்திருக்க வேண்டும். அதே முயற்சியோடு சேர்ந்தது 'ஓப்பன்-தமிழ்' என்ற பொதி. நிறுவும்போது சொல்லும் பெயர் ஓப்பன்-தமிழ். நிரலில் அழைக்கும் பெயர் வெறும் 'தமிழ்'. நிறுவும் பெயரைப் பற்றி இன்டர்பிரட்டருக்கு ஒன்றும் தெரியாது. பாதையில் அது தேடுவது 'தமிழ்' என்ற கோப்பையோ ஃபோல்டரையோ மட்டும். சொற்பிழை திருத்தியோ எழுத்தெண்ணியோ எழுத உட்காரும் மாணவர் தன் முதல் கோப்புக்கு வேறு என்ன பெயர் வைப்பார்? 'தமிழ்.பை' என்று சேமித்துவிட்டு, அதற்குள்ளேயே ஓப்பன்-தமிழின் 'யூடிஎஃப்8' பகுதியை அழைத்தால், கோப்பு தன்னையே அழைத்துக்கொண்டு, அப்படி ஒரு பகுதி இல்லை என்று கைவிரிக்கும். பொதி சரியாகத்தான் நிறுவப்பட்டிருக்கிறது. திரும்பத் திரும்ப அதை நீக்கி நிறுவுவதில் ஒரு மாலை போய்விடும். பயிற்சி வகுப்பு நடத்துபவர்கள் முதல் நாளிலேயே சொல்லிவிட வேண்டிய செய்தி இது.

மலைக்குத் திரும்பலாம். மேசையில் ஓடிய நிரல் அங்கே ஓடாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம், எழுதியவருடைய ஷெல்லின் சூழல் அங்கே இல்லாததுதான். வீட்டில் 'பாஷ்ஆர்சி' கோப்பில் 'பைத்தான்பாத்' வைத்திருப்பார். கருவி தானாக எழும்போது நிரலைத் தொடங்குவது லினக்ஸின் சேவை மேலாளரான சிஸ்டம்டி. அது அந்தக் கோப்பைப் படிப்பதே இல்லை. வீட்டில் வென்வை 'ஆக்டிவேட்' செய்த பழக்கத்தில், அது இல்லாமல் வென்வ் வேலை செய்யாது என்று நினைத்திருப்பார். உண்மையில் ஆக்டிவேட் செய்வது, முக்கியமாக, ஷெல்லின் கட்டளைப் பாதையில் வென்வை முன்னால் வைப்பதுதான். வென்வுக்குள் இருக்கும் பைத்தானை முழுப் பாதையோடு அழைத்தால் போதும். பக்கத்தில் இருக்கும் 'பைவென்வ்.சிஎஃப்ஜி' மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

இன்னொரு குழப்பம், பட்டியலின் முதல் இடம் பற்றியது. கோப்பின் பெயரைக் கொடுத்து ஓட்டினால் அங்கே வருவது அந்தக் கோப்பு இருக்கும் ஃபோல்டர். 'மைனஸ் எம்' கொடுத்து மாட்யூலாக ஓட்டினால் வருவது அப்போது நிற்கும் ஃபோல்டர். சிஸ்டம்டி சேவைகள் வேறு சொல்லாவிட்டால் மூல ஃபோல்டரில்தான் நிற்கும். வீட்டில் நிரலின் ஃபோல்டருக்குள் நின்றபடி ஓட்டிப் பார்த்த கட்டளை, அங்கே 'மாட்யூல் இல்லை' என்று சொல்வதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இயங்குதளத்தை மேம்படுத்தும்போது வரும் இடர் இன்னும் சத்தமில்லாதது. டெபியன் 11இல் பைத்தான் 3.9, 12இல் 3.11. பழைய வென்வின் பொதிகள் '3.9' என்ற பெயருள்ள ஃபோல்டரில் அப்படியே இருக்கும். ஆனால் வென்வின் பைத்தான் என்பது கணினியின் பைத்தானைச் சுட்டும் ஓர் இணைப்பு மட்டுமே. மேம்படுத்தியதும் அது 3.11 ஆகி, '3.11' என்ற ஃபோல்டரில் தேடும். அங்கே ஒன்றும் இருக்காது. வென்வைப் புதிதாகக் கட்டுவதே இதற்கு வழி. அதே டெபியன் 12, வென்வுக்கு வெளியே பிப் கொண்டு நிறுவ முயன்றால் மறுத்துவிடுகிறது. பெப் 668 தந்த பாதுகாப்பு அது. மறுப்பை மீறவும் ஒரு விருப்பக்கூறு உண்டு. கணினியின் பொதிகளை உடை என்றே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரை நம்ப வேண்டும்.

இந்தத் தொல்லைகளுக்கெல்லாம் நம் நிரல்களில் பரவலாகக் கிடைக்கும் மருந்து, கோப்பின் தலையில் 'சிஸ்.பாத்' பட்டியலுக்குள் ஒரு ஃபோல்டரைச் செருகும் வரி. அதை விட்டுவிடும்படி இவ்விதழ் கேட்டுக்கொள்கிறது. அந்த வரி ஒரு கணினியின் ஃபோல்டர் அமைப்பை நிரலுக்குள் எழுதிவைக்கிறது. அடுத்த கணினியில் அது பொய். 'சைட்-பேக்கேஜஸ்' உள்ளே '.பிடிஎச்' கோப்பு வைப்பதும் ஏறக்குறைய அதே கதைதான். 'இம்போர்ட்' என்று தொடங்கும் வரி அதில் இருந்தால், பைத்தான் எழும் ஒவ்வொரு முறையும் அது சத்தமில்லாமல் ஓடும் என்பது கூடுதல் ஆபத்து.

அதற்குப் பதில் சொந்த நிரலையே ஒரு பொதியாக்கி வென்வுக்குள் நிறுவலாம். பத்து வரியில் ஒரு 'பைப்ராஜெக்ட்.டாமல்' கோப்பு போதும். பிறகு வென்வின் பைத்தானை முழுப் பாதையோடும் 'மைனஸ் ஐ' விருப்பத்தோடும் தொடங்க வேண்டும். 3.4 முதல் இருக்கும் இந்த விருப்பம், பைத்தானுக்கான சூழல்மாறிகளையும் பயனரின் தனி ஃபோல்டரையும் புறக்கணிக்கிறது, நிரலின் ஃபோல்டரையும் பட்டியலில் சேர்ப்பதில்லை. வழிதவறி வந்த 'காலண்டர்.பை' அதற்கு முன்னால் நிற்கவே முடியாது. நிரல் எழுதும் நாட்களில் இது கெடுபிடியாகத் தோன்றலாம். ஆளில்லாத இடத்தில் ஓடும் நிரலுக்கு அந்தக் கெடுபிடி வேண்டும்.

நிரல் எழுந்தவுடன் பதிவுக் கோப்பில் எழுதும் முதல் வரி, தன் பதிப்பும் 'சிஸ்.பிரிஃபிக்ஸ்' மதிப்பும் பாதைப் பட்டியலும் ஆகட்டும். செலவு மூன்று வரி நிரல். மழை விட்டுச் சாலை திறந்து யாராவது கருவியைத் திறக்கும்போது, பைத்தான் எந்த வழியில் எழுந்தது என்பதை ஊகிக்க வேண்டியிராது. நிரல் ஏற்கெனவே உறைந்து கிடந்தாலும் 'பைத்தான்3 மைனஸ் எம் சைட்' என்ற கட்டளை அதேபோன்ற பட்டியலைக் காட்டும். ஆனால் அது கேட்பவரின் ஷெல்லில் கிடைக்கும் பட்டியல், நள்ளிரவில் சிஸ்டம்டி கண்ட பட்டியல் அல்ல.

தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்கும். கருவியை மலைக்கு எடுத்துச் செல்லுமுன் மேசையிலேயே மின்கம்பியைப் பிடுங்கி, பத்து நொடி கழித்துச் செருகி, யாரும் உள்நுழையாமல் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். பிறகு பதிவுக் கோப்பைத் திறந்து, பட்டியலின் முதல் இடத்தில் எந்த ஃபோல்டர் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.