மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது?

உங்கள் இல்லத்தின் மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது? இவ்விதழைச் சற்று மடித்து வைத்துவிட்டு, எழுந்து சென்று பார்த்து வாருங்கள். திண்ணைச் சுவரிலா, தலைவாசல் கதவுக்குப் பின்னாலா, மாடிப்படியின் கீழா? அதன் முன்னால் அரிசி மூட்டையும் பழைய சைக்கிளும் வழியை அடைத்து நிற்கின்றனவா? பெட்டிக்குப் பூட்டுப் போட்டிருந்தால் சாவி யாரிடம் இருக்கிறது? இருட்டில் தடவிச் சென்று அதை அணைக்க உங்களால் இயலுமா?

இக்கேள்விகளைச் சகோதரிகளிடமே முதலில் கேட்கிறேன். நம் ஊர்களில் எத்தனையோ இல்லங்களில் குடும்பத் தலைவர் சவூதியிலோ துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார். இல்லத்தில் இருப்போர் வயது முதிர்ந்த மாமியும் மருமகளும் பிள்ளைகளுமே. ஆயினும் மின்சாரம் என்றாலே அது ஆண்கள் வேலை என்று ஒதுங்கிவிடுகிறோம். ஃபியூஸ் போனால் அடுத்த வீட்டுப் பையனை அழைக்கிறோம். அவன் வரும்வரை இருட்டில் அமர்ந்திருப்பதில் கேடொன்றும் இல்லை. குழந்தையின் கை ஒயரில் ஒட்டிக்கொண்டிருக்கும்போது அவனுக்காகக் காத்திருக்க இயலுமா?

மழைக்காலம் தொடங்கியதும் நாளிதழ்களில் ஒரே வகையான செய்தி திரும்பத் திரும்ப வருவதைக் கண்டிருப்பீர்கள். துணி உலர்த்தச் சென்ற தாய் கொடிக்கம்பியில் மின்சாரம் பாய்ந்து இறந்தார். அவரைக் காப்பாற்ற ஓடிய மகனும் இறந்தார். இச்செய்தியில் முதல் மரணத்தை விதி என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவது மரணத்திற்குக் காரணம் அன்பும் அறியாமையும் சேர்ந்த பதற்றம். துடிப்பவரைக் கண்டவுடன் ஓடிச்சென்று பற்றி இழுக்கத் தோன்றுவது இயற்கை. ஆனால் அவர் உடலே அந்நேரத்தில் ஒரு மின்கம்பி. தொட்டவரும் அதில் சேர்ந்துகொள்கிறார்.

துடிப்பவர் ஏன் தாமாகக் கையை விடுவதில்லை? நம் இல்லங்களுக்கு வருவது 230 வோல்ட் மின்சாரம். ஓர் ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மில்லி ஆம்பியர். உடலில் ஒரு மில்லி ஆம்பியர் பாய்ந்தால் சிறு கூச்சம் தெரியும். பத்து, பதினைந்து என்று ஏறும்போது தசைகள் இறுகிப்போகின்றன. கையின் மூடும் தசைகள் திறக்கும் தசைகளைவிட வலுவானவை; எனவே பிடித்த பிடி மேலும் இறுகுகிறது. கூவி அழைக்கவும் பலரால் இயலாது. முப்பதுக்கு மேல் மூச்சும் இதயமும் ஆபத்துக்குள்ளாகின்றன. மின்சாரம் 'இழுத்துக்கொண்டது' என்று நம் மக்கள் சொல்வது இதைத்தான்.

ஆகவே முதல் வேலை சுவிட்சை நோக்கி ஓடுவது. பக்கத்திலேயே பிளக்கின் சுவிட்ச் இருந்தால் அதை அணைக்கலாம். ஐயம் இருப்பின் மெயினை அணைத்துவிடுங்கள். சிக்கியவரைக் கண்டபின் மெயின் பெட்டிவரை ஓடுவது அவரைக் கைவிடுவது போல மனத்திற்குத் தோன்றும். அவ்விதம் தோன்றினாலும் ஓடுங்கள். கை ஈரமாக இருந்தால் உடையில் துடைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் செருப்பு அருகில் இருந்தால் அணிந்துகொள்ளுங்கள். ஒளூச் செய்துவிட்டு ஈரக்கையுடனும் வெறுங்காலுடனும் சுவிட்சைத் தொடும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதை இன்றோடு விட்டுவிடுவது நல்லது.

மெயினை அணைக்கவே வழியில்லை என்றால்தான் மற்ற முறை. காய்ந்த மரப்பலகையின் மீதோ பிளாஸ்டிக் முக்காலியின் மீதோ ஏறி நின்று, காய்ந்த மரக்கட்டையால் ஒயரைத் தள்ளிவிட வேண்டும், அல்லது அவர் கையை ஒயரிலிருந்து தட்டிவிட வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியின் காலும் உதவும். கையில் எடுப்பது என்னவென்று பார்த்து எடுங்கள். உலக்கையில் இரும்புப் பூண் இருக்கும். இக்காலத்து ஒட்டடைக் கம்பும் துடைப்பக் கைப்பிடியும் பெரும்பாலும் உலோகக் குழாய்கள். மேலே பூசிய வண்ணத்தைக் கண்டு ஏமாந்துவிடக் கூடாது.

இம்முறை வீட்டுக்குள் வரும் மின்சாரத்திற்கு மட்டுமே. தெருவில் அறுந்து விழுந்த கம்பியிடம் எந்தக் கட்டையும் செல்லாது. அது 11,000 வோல்ட் கம்பியாகவும் இருக்கலாம். அதைச் சுற்றியுள்ள ஈர மண்ணிலேயே மின்சாரம் பரவியிருக்கும். பத்து மீட்டருக்கு அப்பால் நின்று பிறரையும் நெருங்கவிடாமல் தடுத்து, மின்துறைக்குச் சொல்வதே செய்யத்தக்கது. தமிழ்நாட்டில் 2021 முதல் இயங்கும் மின்னகத்தின் எண் 94987 94987. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.

தொழுகையில் நின்றிருக்கும்போது இத்தகைய கூக்குரல் கேட்டால் என்ன செய்வது என்று மதரஸாவில் ஒரு மாணவி கேட்டாள். உயிரைக் காக்கத் தொழுகையை முறிக்கலாம் என்பது மட்டுமன்று, முறித்தே ஆகவேண்டும் என்பது மார்க்கச் சட்டம். தொழுகையைப் பின்னர் நிறைவேற்றிக்கொள்ளலாம்.

மின்சாரத்திலிருந்து விடுபட்டவரைச் சுற்றிக் கூட்டம் கூடுவதும், தண்ணீர் தெளிப்பதும், உள்ளங்காலைத் தேய்ப்பதும், வாயில் ஏதேனும் ஊற்றுவதும் பார்த்த காட்சிகள். நாட்டின் சில பகுதிகளில் உடலை மண்ணில் புதைத்து வைத்தால் மின்சாரம் இறங்கிவிடும் என்றும் நம்புகின்றனர். சுவிட்ச் அணைந்த பிறகு உடலில் இறங்குவதற்கு மின்சாரம் ஏதும் இல்லை, வீணாவது நேரமே. மூச்சு விடுகிறாரா என்று பாருங்கள். மூச்சில்லை, அல்லது விட்டுவிட்டு விக்கல் போல் வருகிறது என்றால் உடனே ஒருவர் 108க்குப் பேசட்டும். மற்றொருவர் அவரைத் தரையில் மல்லாக்கக் கிடத்தி, நெஞ்சின் நடுவில் ஒரு கையின் மீது மறுகை வைத்து அழுத்தத் தொடங்கவேண்டும். வயது வந்தோர்க்கு நெஞ்சு ஐந்து சென்டிமீட்டர் அளவு தாழ வேண்டும். நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை. வாகனம் வரும்வரை நிறுத்தக் கூடாது. ஒருவர் களைத்தால் மற்றவர் தொடரட்டும்.

இங்கே ஒரு தயக்கம் குறுக்கிடுவதை அறிவேன். கிடப்பவர் அந்நியப் பெண், அல்லது அந்நிய ஆண், எப்படித் தொடுவது? நிர்ப்பந்தம் தடையை நீக்கும் என்பது நம் சட்ட நூல்களின் அடிப்படை விதிகளுள் ஒன்று. உயிர் ஊசலாடும் நேரத்தைவிடப் பெரிய நிர்ப்பந்தம் எது? தயங்கி நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அவர் பிழைக்கும் வாய்ப்பைக் குறைக்கிறது.

எழுந்து உட்கார்ந்து, 'ஒன்றுமில்லை, தேநீர் கொடுங்கள்' என்று சொல்பவரையும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டும். இதயத்தின் தாளம் பின்னர் தடுமாறக்கூடும். தோலில் சிறு புள்ளியாகத் தெரியும் தீப்புண் உள்ளே தசைவரை சென்றிருக்கலாம். கருவுற்ற பெண் என்றால் ஷாக் எத்தனை சிறிதாயினும் மருத்துவரிடம் காட்டியே தீரவேண்டும்.

மின்சாரம் பெரும்பாலும் முன்கூட்டியே எச்சரிக்கை தருகிறது. நாம்தான் கேட்பதில்லை. குளிர்சாதனப் பெட்டியைத் தொட்டால் 'சுர்' என்கிறது. சில மாதங்களாகவே அப்படித்தான் என்று சிரித்துக்கொண்டு சொல்கிறோம். குழாயைத் திறந்தால் விரலில் கூச்சம். அது உங்கள் வீட்டில் எங்கோ மின்கசிவு இருப்பதன் அறிகுறி. முற்காலத்தில் இரும்புக் குழாய் மண்ணுக்குள் செல்கிறதே என்று எர்த் ஒயரை அதில் கட்டிவிடுவார்கள். இன்று இடையில் பிளாஸ்டிக் குழாய் பொருத்தப்பட்ட இல்லங்களில் அந்த மின்சாரம் மண்ணை அடைவதில்லை. உலோகக் குழாயிலேயே தங்கி, யாராவது கையை நனைக்க வரும்வரை காத்திருக்கிறது. கூச்சம் தெரிந்த அன்றே மெயினை அணைத்து ஆளை அழையுங்கள்.

பிளாஸ்டிக் கருகும் நெடி, தொட்டால் சுடும் சுவிட்ச் பலகை, உள்ளே 'சர்' என்ற ஓசை, திரும்பத் திரும்ப விழும் எம்.சி.பி. ஆகியவையும் எச்சரிக்கைகளே. விழுந்த எம்.சி.பி.யை ஒருமுறை தூக்கிவிடலாம். மறுபடியும் விழுந்தால் விட்டுவிடுங்கள். பழைய வீடுகளில் ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று கனமான கம்பியைச் சுற்றிவிடுகிறார்கள். பிறகு ஃபியூஸ் எரியாது, சுவருக்குள் இருக்கும் ஒயர் எரியும். பிளக் இல்லாத ஒயரின் முனைகளைத் தீக்குச்சி கொண்டு சாக்கெட்டில் செருகும் துணிச்சலைப் பற்றி எழுதவே கை கூசுகிறது.

பலருக்குத் தெரியாத ஓர் அறிகுறி உண்டு. திடீரென்று விளக்குகள் கண்ணைப் பறிக்கும்படி எரிகின்றன, மின்விசிறி வெறிகொண்டாற் போல் சுழல்கிறது. அன்று மின்சாரம் நன்றாக வருகிறது என்று மகிழ்ந்துவிடாதீர்கள். மின்கம்பத்திலோ வீட்டிலோ நியூட்ரல் கம்பி விட்டுப்போயிருக்கலாம். 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 400 வோல்ட் வரை ஏறிவிடும். சில நொடிகளில் பொருள்கள் கருகும், தீயும் பற்றலாம். அந்தக் கணமே மெயினை அணைக்கவேண்டும்.

பற்றிவிட்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது. தண்ணீர் வழியே மின்சாரம் ஊற்றுபவரிடம் வந்து சேரும். மெயினை அணைத்தபின் சிறு தீயாயின் உலர்ந்த மணலைப் போடலாம். பெரிதாயின் பிள்ளைகளை வெளியேற்றிக் கதவைச் சாத்திக்கொண்டு 101க்குச் சொல்லுங்கள். நகையும் பாஸ்போர்ட்டும் பீரோவில் இருக்கின்றன என்று உள்ளே திரும்பாதீர்கள்.

வெள்ளம் தனிக் கதை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்திற்குள் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியதை மறந்திருக்கமாட்டோம். 2018 நவம்பரில் வீசிய கஜா புயலில் அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை பகுதிகளில் மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. தண்ணீர் வாசலைத் தாண்டும் முன்னரே, கால் உலர்ந்திருக்கும்போதே மெயினை அணைத்துவிட வேண்டும். பெட்டியின் கீழே தண்ணீர் தேங்கிவிட்ட பிறகு அதில் இறங்கி நடந்து சென்று அணைக்க முயலாதீர்கள். மின்துறையிடம் சொல்லி வெளியே துண்டிக்கச் செய்யுங்கள். வெள்ளம் வடிந்தபின், நனைந்த பலகைகளை மின்பணியாளர் பார்க்கும்வரை மின்சாரம் வேண்டாம்.

இன்வெர்ட்டர் உள்ள இல்லங்களுக்கு ஓர் எச்சரிக்கை. நீங்கள் மெயினை அணைத்தவுடன், மின்தடை என்று எண்ணி அது தன் மின்கலத்திலிருந்து அதே 230 வோல்ட்டைச் சில அறைகளுக்கு அனுப்பத் தொடங்கிவிடும். ஆகவே ஆபத்து நேரத்தில் அணைக்கவேண்டியவை இரண்டு. இன்வெர்ட்டரின் சுவிட்ச் எது என்பதையும் பிள்ளைகளுக்குக் காட்டி வையுங்கள். மதரஸாவில் பிள்ளைகளிடம் இதைப்பற்றிக் கேட்டபோது மெயின் பெட்டி இருக்கும் இடம் சிலருக்குத் தெரிந்திருந்தது. இன்வெர்ட்டரை அணைக்க ஒருவருக்கும் தெரியவில்லை. கைப்பேசியில் அறியாதது ஒன்றுமில்லாத பிள்ளைகள் இவர்கள்!

எம்.சி.பி. இருக்கிறதே, அது காப்பாற்றாதா என்று கேட்பீர்கள். 6 ஆம்பியர் எம்.சி.பி. ஒயரைக் காப்பதற்காக அமைக்கப்பட்டது. மனிதரை ஆபத்துக்குள்ளாக்கும் 30 மில்லி ஆம்பியர் அதில் இருநூற்றில் ஒரு பங்கு, அதை எம்.சி.பி. பொருட்படுத்துவதே இல்லை. மனிதரைக் காப்பது ஆர்.சி.சி.பி. என்னும் மின்கசிவுத் தடுப்பான். சென்ற மின்சாரமும் திரும்பிய மின்சாரமும் சமமா என்று அது ஓயாது பார்த்துக்கொண்டிருக்கிறது. முப்பது மில்லி ஆம்பியர் குறைந்தாலும், யாரோ ஒருவரின் உடல் வழியே மண்ணுக்குப் போகிறது என்று கொண்டு, நொடியின் சிறு பகுதிக்குள் துண்டித்துவிடும். இல்லத்திற்கு வாங்கும்போது 30 மில்லி ஆம்பியர் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்தினால் அது விழவேண்டும். விழாவிட்டால் மாற்றிவிடுங்கள்.

மழைநாளில் இது அடிக்கடி விழுகிறது என்று சலித்துக்கொண்டால், அதைக் கழற்றி நேரடியாக இணைத்துத் தரும் பணியாளர்களும் இருக்கிறார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். எல்லாப் பிளக்குகளையும் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றாகச் செருகிப் பார்க்கச் சொல்லுங்கள். எதைச் செருகும்போது விழுகிறதோ அந்தப் பொருளில்தான் கசிவு இருக்கிறது. பெரும்பாலும் அது தண்ணீர் சுடவைக்கும் ஹீட்டராகவோ, கொல்லைப்புறத்து மோட்டாராகவோ, ஆண்டுகள் பல கண்ட கிரைண்டராகவோ இருக்கும்.