பத்திரம் ரெடி... பட்டா எங்கே?

மனை வாங்கியாச்சு, பத்திரமும் கைக்கு வந்தாச்சு. ஆனா, பட்டாவில் இன்னும் பழைய ஓனர் பெயர்தான். ஏன்?

பத்திரம் பதிவுத்துறையின் வேலை. பட்டா வருவாய்த்துறையின் வேலை. அங்கே 2018-ல் வந்த ‘ஸ்டார் 2.0’ மென்பொருள், இங்கே ‘தமிழ் நிலம்’. உட்பிரிவு தேவைப்படாத சொத்து என்றால், பதிவு முடிந்ததும் தகவல் நேராகப் போய், பட்டா தானாக மாற வேண்டும். உட்பிரிவு என்றால் சர்வேயர் அளந்த பிறகுதான்.

சிக்கல் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. பத்திரத்தில் ‘சு.முருகன்’, பட்டாவில் ‘எஸ்.முருகன்’ என்றிருந்தால்? பட்டா இன்னும் இறந்துபோன தாத்தா பெயரிலேயே கிடந்தால்? அவரவர் மென்பொருளை அவரவர் மட்டும் சோதித்தால் இதெல்லாம் கண்ணில் படாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் ‘எங்க வேலை முடிஞ்சுது’ என்பார்கள், தாலுகா ஆபீஸில் ‘எங்களுக்கு வரவே இல்லை’ என்பார்கள். ரெண்டுமே உண்மையாக இருக்கலாம், அதுதான் கொடுமை!

இரு துறை ஊழியர்களும் ஒன்றாக உட்கார்ந்து, பத்திரத்தில் தொடங்கி பட்டா கைக்கு வரும்வரை, இப்படிப்பட்ட ஏடாகூடமான கேஸ்களை ஓட்டிப் பார்க்கணும். வழியில் நின்றுபோனால், எந்த மேஜையில், எதற்காக நிற்கிறது என்று மனை வாங்கியவரின் மொபைலுக்கே எஸ்எம்எஸ் வரணும்.