கடிதமும் காத்திருப்பும்



திருமணத்திற்கு முன் நம் ஆலயங்களில் மூன்று முறை ஓலை வாசிக்கப்படுகிறது. ஓலை என்றால் நம் முன்னோருக்குக் கடிதம் என்றும் பொருள். ஆலயத்தில் ஓலை வாசிக்கப்படுமுன், மணமக்கள் இருவரிடையே ஒளிவுமறைவற்ற ஓலைகள் சென்று வந்தனவா? இதுவே இம்மாதம் நம் சிந்தனைக்குரியது.

கீழத்தஞ்சையிலிருந்து நாகப்பட்டினம் துறைமுகத்தில் கப்பலேறி, மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கச் சென்றோர் பலர். திருத்துறைப்பூண்டி வட்டாரத்துக் குடும்பங்களுக்கும் இவ்வரலாறு புதிதன்று. 'சேசு மரி சூசை' என்று தலைப்பிட்ட கடிதங்கள் கடல் கடந்து வந்த காலம் அது. 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. அக்கரைத் தபால் நின்றது. செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியே குடும்பச் செய்தி அனுப்ப ஏற்பாடு இருந்தது. ஆனால் 25 சொற்களுக்கு மேல் எழுத இயலாது. அதுவும் எல்லாருக்கும் எட்டவில்லை. 1945இல் போர் முடியும்வரை மூன்றரை ஆண்டுகள் இந்நிலை நீடித்தது. சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் திரும்பவேயில்லை.

இத்தகைய வேளையில், நிச்சயிக்கப்பட்ட பெண் என் செய்வாள்? மணமுடித்தவளைத் திருமண பந்தம் பிணைக்கிறது. நிச்சயமானவளின் நிலை வேறு. மண ஒப்பந்தம் செய்தமையால் மட்டும் திருமணத்தைக் கட்டாயப்படுத்த எவருக்கும் உரிமையில்லை என்பது திருச்சபைச் சட்டம் (எண் 1062). ஆகவே அவள் காத்திருந்தால், அது சட்டத்திற்கு அஞ்சியன்று. அறிந்த ஒருவன்மீது வைத்த நம்பிக்கையினால். அறியாத ஒருவனுக்காக எவ்வாறு காத்திருப்பது?

அதே போர்க்காலத்தில் ஜெர்மனியில் நிகழ்ந்த ஒன்று இதற்குச் சான்று. நாத்சி ஆட்சியை எதிர்த்த லுத்தரன் போதகர் டீட்ரிக் போன்ஹோபருக்கு 1943 ஜனவரியில் மரியா வான் வெடமையர் என்னும் 18 வயதுப் பெண் தன் சம்மதத்தைக் கடிதத்தில் எழுதினாள். அவள் தந்தையும் தமையனும் முந்தைய ஆண்டுதான் போர்முனையில் மடிந்திருந்தனர். ஏப்ரலில் போன்ஹோபர் கைதானார். அதன்பின் அவர்கள் சந்தித்ததெல்லாம் சிறைக் காவலர் முன்னிலையில்; மற்றவை கடிதங்களே. தன் கட்டிலைச் சுற்றி அவரது சிறையறையின் அளவில் சுண்ணக்கட்டியால் கோடு வரைந்திருப்பதாக மரியா அவருக்கு எழுதினாள். அக்கோட்டினுள் அமர்ந்து அவரோடு இருப்பதாக எண்ணிக்கொண்டாள். 1945 ஏப்ரல் 9 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார். திருமணம் நிகழவில்லை. ஆயினும் அவர்கள் ஒருவரையொருவர் அறியாமல் பிரியவில்லை. மரியா 1977இல் இறந்தார். 1992இல் அக்கடிதங்கள் நூலாயின.

இன்று நம் பிள்ளைகள் வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் பணிபுரிகின்றனர். நிச்சயமானவுடன் நாள்தோறும் கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசுகின்றனர். நல்லதே. ஆனால் உணவும் உடையும் விடுமுறையும் பேசி முடிந்தபின், பேசவேண்டியது பேசப்படாமலே நின்றுவிடுகிறது. வீட்டுக் கடன் எவ்வளவு? உடலில் நோய் உண்டா? முதிய பெற்றோரை யார் பேணுவது? இருவரும் சேர்ந்து செபிப்போமா? திருமணத்திற்குப் பின் இவை வெளிப்படும்போது, 'முன்பே சொல்லியிருக்கலாமே' என்ற ஒரு சொல் ஒரு குடும்பத்தையே உடைத்துவிடுகிறது.

கடிதம் எழுதுபவர் அமர்ந்து எண்ணுகிறார்; எழுதியதை மீண்டும் படிக்கிறார்; பொய்யானதை அடிக்கிறார். புனித பவுலடியார் சிறையிலிருந்து பிலிப்பியருக்குத் திருமுகம் வரைந்தார். விலங்கிட்ட நிலையிலும் அவர் தம் உள்ளத்தை மறைக்கவில்லை.

எனவே மணமாகவிருக்கும் மக்களே, வாரத்திற்கு ஒரு கடிதம் எழுதுங்கள். சொல்லத் தயங்கும் ஒன்றை ஒவ்வொன்றிலும் எழுதுங்கள். பெற்றோரே, அதைப் பிரித்துப் படிக்காதீர்கள். அவ்வுண்மை ஓர் உறவைத் தடுக்குமானால், அது ஓலை வாசிக்குமுன் தடைபடுவதே நலம். உறவு நிலைக்குமானால், எத்தனைக் கடல் இடையில் கிடந்தாலும் காத்திருக்கும் வலிமையை அதுவே தரும்.